பதினொரு தட்டு, பிறகு என்டர்

செய்தி வந்தபோது நான் ஒரு பட்டனுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், மருந்துக் கடை மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகம். காலை பத்தேகால் மணி. மேசைமேல் கிடந்த செல்போன் அதிர்ந்து நகர்ந்தது. திரையில் ஜெபாவின் மனைவி மெர்சியின் பெயர். பம்மலில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் மெர்சி யாரையும் அழைக்கிறவர் இல்லை. அதனால் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மூன்று முறை அடிக்க விட்டுத்தான் எடுத்தேன்.

"முரளி, ஜெபா போயிட்டாரு," என்றார். "விடியக்காலைல மெஷினுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தாரு. ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சவரு நிமிரவே இல்ல."

எந்த ஆஸ்பத்திரி என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். "வீட்லதான்," என்றார் மெர்சி.

சங்கத்தின் செயலாளர் இந்த இதழுக்கு எழுதச் சொன்னபோது, "அவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை" என்றுதான் கேட்டார். இதைப் படிக்கப்போகிற, ஒலிநாடாவில் கேட்கப்போகிற உங்களில் பலருக்கு ஜெபதாஸை என்னைவிட அதிக காலம் தெரியும். பார்வையற்றோருக்கான இந்தச் சங்கத்தில் அவர் எத்தனை கூட்டங்களில் சண்டை போட்டிருக்கிறார் என்பது உங்களுக்கு மனப்பாடம். போன தீபாவளிக்கு அவர் செத்துப் பிழைத்ததும் தெரியும். ஆனால் அது ஏன் நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். நாலு நல்ல வார்த்தைகளோடு இதுவும் சேர்ந்தே வரும். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

அவர் எனக்கு முதலில் ஒரு குரலாகத்தான் அறிமுகமானார். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்துக்கு நாங்கள் இணையதளம் செய்து கொடுத்திருந்தோம். பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு' என்று போட்டு எங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தோம், விளம்பரத்துக்காக. ஒரு மத்தியானம் அந்த எண்ணுக்கு ஒருவர் கூப்பிட்டார்.

"சார், உங்க வெப்சைட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். அரை மணி நேரமா சுத்திக்கிட்டு இருக்கேன். வழி சொல்லுங்க."

குடித்துவிட்டுப் பேசுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். "மூடிட்டு வந்துடுங்க சார்," என்றேன்.

"மூடத் தெரியும். எனக்கு வேண்டியது உள்ள இருக்கே? அட்மிஷன் ஃபார்ம் எங்க இருக்குன்னு சொல்லுங்க. எனக்குக் கண்ணு தெரியாது. கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்றதைக் கேட்டுத்தான் போறேன். உங்க பக்கம் லிங்க், லிங்க், லிங்க்னு பதினாலு தடவை சொல்லுது. எதுக்குப் போற லிங்க்குனு ஒரு தடவைகூடச் சொல்லல."

அப்படியானால் எங்கள் எண் மட்டும் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் எழுத்தாக இருந்தது அது ஒன்றுதானாம். மற்றதெல்லாம் படம். எங்கள் விளம்பரத்தைத் தவிர அவருக்கு நாங்கள் எதையும் கொடுக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து மேசை வரைக்கும் கேட்டது. எங்கள் முதலாளி கண்ணபிரான் சார் தொலைபேசியை வாங்கிப் பேசினார். அடுத்த திங்கட்கிழமை ஜெபா எங்கள் மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறி வந்தார். இருபத்திரண்டு படி என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவருக்கும் எனக்கும் ஒரே வயது. சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை, இருபத்து நான்கு வயதில் அவர் கண்களை எடுத்துக்கொண்டது. அதன்பிறகு பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் தொலைபேசி இணைப்பாளராக இருந்தார். ஒரு நாள் வேலைக்குப் போனால் தொலைபேசி இணைப்புப் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்களாம். அந்த இடத்தில் ஒரு பதிவு செய்த குரல் வந்துவிட்டது. 'விற்பனைப் பிரிவுக்கு ஒன்றை அழுத்தவும்.' எங்களிடம் அவருக்குக் கொடுத்த வேலைக்கு எந்தக் கம்பெனியிலும் பெயர் இருந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் செய்யும் தளங்களைக் காதால் கேட்டு, எங்கே தடுக்கிறது என்று சொல்ல வேண்டும். 'கேட்டுப் பார்ப்பவர்' என்று அவரே தனக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் மானிட்டரை அணைத்துவிட வேண்டும். மவுஸைப் பிடுங்கி அவர் மேசையில் வைத்துவிட வேண்டும். அந்த வாரம் நாங்கள் செய்த தளத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விசைப்பலகையால் மட்டும் ஒரே ஒரு வேலையை முடித்துக்காட்ட வேண்டும். டேப் விசையை ஒருமுறை தட்டினால் அடுத்த இணைப்புக்கோ பட்டனுக்கோ போகும். அப்படித் தட்டித் தட்டித்தான் அவர் உலகம் முழுக்கப் போய்வந்தார். முதல் வெள்ளிக்கிழமை, நானே செய்த பக்கத்தில் என் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்ப எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதுவும் தவறான இடத்துக்குப் போயிருந்தது. கருப்பான திரையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தோம். ஜெபா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்கப்பா," என்றார். "நீங்க விருந்தாளி. நான் இங்கதான் குடியிருக்கேன்."

வாடிக்கையாளர்களுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. தாம்பரத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர் இருந்தார். பெரிய காட்சிக்கூடம், பெரிய மனசு, அதைவிடப் பெரிய குரல். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன என்று எழுத்தில் எழுதி உள்ளே வைக்க வேண்டும், அதற்கு இன்னும் நாலு நாள் வேண்டும் என்று சொன்னதும் எகிறினார். "கண்ணு தெரியாதவங்க எத்தனை பேருப்பா எங்கிட்ட சோஃபா வாங்க வரப்போறாங்க? இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்தது கிடையாது." ஜெபா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அவரைக் கவனித்திருக்கவில்லை.

"சார், கடைக்கு முன்னாடி இடுப்பு உயரத்துக்கு ஒரே ஒரு படி கட்டியிருக்கீங்க," என்றார் ஜெபா. "ஏற முடியாதவங்க யாரும் என் கடைக்கு வர்றதே இல்லன்னு உள்ள உக்காந்து சொல்றீங்க."

கடைக்காரர் முகம் சிவந்தது. ஆனாலும் நாலு நாளைக் கொடுக்கவில்லை. தளம் அப்படியே போனது. இரண்டு மாதம் கழித்துச் சொந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், அங்கே பிரவுசிங் சென்டரில் உறவினர்களுக்குத் தன் கடையைக் காட்டியிருக்கிறார். அந்த ஊர் தொலைபேசிக் கம்பியில் இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சீக்கிரம் திறக்கட்டும் என்று சென்டர்காரர் எல்லாக் கணினியிலும் படங்கள் வராதபடி செய்து வைத்திருந்தார். ஆக, மாமனார் வீட்டு ஜனங்கள் சூழ்ந்து நிற்க, கடைக்காரரின் கடை திறந்தது. வரிசை வரிசையாகச் சிவப்புக் குறுக்குக்கோடு போட்ட காலிப் பெட்டிகள். அதில் எது கட்டில், எது பீரோ என்று அவருக்கே தெரியவில்லை. அங்கிருந்தே எங்களைக் கூப்பிட்டுக் கத்தினார். "என் கடையவே காணோம்யா!"

ஜெபா தொலைபேசியை வாங்கி மிக மரியாதையாகச் சொன்னார். "இப்ப நீங்க எங்க ஊருக்கு வந்திருக்கீங்க சார். வாங்க."

அந்த ஒரு தடவைதான் எங்களுக்கு நாலு நாள் கிடைத்தது. திரும்பிவந்த கடைக்காரர் ஜெபாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் என்ன எழுதுவது என்று தானே சொன்னார். தேக்குக் கட்டில், கால்பக்கம் மயில் செதுக்கியது, மெத்தை தனி. தன் கடைப் பொருளைத் தானே விவரித்துச் சொல்லி வெகுநாள் ஆகிவிட்டது என்றார். அதற்குப்பிறகு வெளியூரிலிருந்தும் ஆட்கள் கேட்டு வந்தார்கள். எல்லோருக்கும் கண் தெரிந்திருந்தது. வேகமான இணையம்தான் இல்லை. யாருக்காகவோ சாய்வுப் பாதை போட்டால் அதில் ஏறி வருகிறவர்கள் யார் யார் என்று நம்மால் முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதை நான் அங்கே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஜெபா கலகலப்பானவர். ஆனால் ஒரு விஷயம் பேசும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். தாம்பரம் ஸ்டேஷனில் சீட்டு எடுக்கிற வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே இருந்தவர் சில்லறை இல்லாத யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். ஜெபா என் தோளைத் தட்டினார்.

"திட்டட்டும் மச்சான். அந்தப் பக்கம் ஒரு ஆளு இருக்கான் பாரு, அதைச் சொல்லு. இந்த ஜன்னல் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மூடப்போறாங்க. பேங்க், கரண்ட்டு ஆபீஸ், ஆஸ்பத்திரி, எல்லாம். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போயிடும். அப்போ உள்ள போக முடியாதவன் வெளிய நின்னு தட்டணும்னாகூட, தட்டுறதுக்குக் கதவு இருக்காது."

இவருக்கு எப்போதும் இப்படி ஒரு பயம் என்று நினைத்துக்கொண்டேன். தோல் கம்பெனியில் போர்டைக் கழற்றிய நாளை மனதில் வைத்துப் பேசுகிறார் என்று நினைத்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டோம்.

அடுத்த வருடம் சர்க்கரை அவர் சிறுநீரகங்களுக்கு வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். செவ்வாய், வியாழன், சனி, விடிந்தவுடன். அதற்குப் பெயர் டயாலிசிஸ் என்று உங்களுக்குத் தெரியும். ஜெபா அதை 'மெஷின்' என்றுதான் சொல்வார். ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் சேரும், இரண்டு முறை தவறினால் அது நுரையீரலுக்கு ஏறும் என்று டாக்டர் சொன்னதை அவர் எங்களிடம் ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன தனியார் மையம். எட்டு இயந்திரம், காத்திருப்போர் அதைப்போல் மூன்று மடங்கு. அதனால் அவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அடுத்த வாரம் வருவதை உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாதவர் இடம் அடுத்தவருக்குப் போகும். முதலில் அது தொலைபேசியில் நடந்தது. பிறகு அவர்களும் நவீனமாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, உறுதி செய்வதை இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள். தொலைபேசியில் கேட்டால் "வெப்சைட்ல பாத்துக்கோங்க" என்ற பதில்தான் வரும்.

அந்தத் தளத்தைச் செய்தது நாங்கள். குறிப்பாகச் சொன்னால், நான்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். அந்தச் சமயத்தில் தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் ஒழுங்காகத் தெரியாது. ஓர் இடத்தில் தமிழாகத் தெரிவது இன்னோர் இடத்தில் கட்டம் கட்டமாக வரும். அதனால் எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் ஒரு சுலபமான வழி வைத்திருந்தோம். தமிழ்ச் சொல்லை அழகாக வரைந்து படமாக்கி ஒட்டிவிடுவோம். அந்தப் பக்கத்தில் மேலே ஒன்பது இணைப்புகள், பத்தாவது 'ரத்து' பட்டன், பதினொன்றாவது 'உறுதி' பட்டன். எல்லாம் படம். ஒன்றுக்கும் உள்ளே பெயர் எழுதி வைக்கவில்லை. ஜெபாவின் காதுக்கு 'ரத்து'வும் 'பட்டன்'தான், 'உறுதி'யும் 'பட்டன்'தான். அழுத்திய பிறகு வருகிற பதில்கூடப் பச்சையிலோ சிவப்பிலோ ஒரு படம்தான். அவருக்கு இரண்டும் 'படம்'.

"அந்த ரெண்டு பட்டனுக்காவது பேர் வைடா," என்றார். "தமிழ் வேணாம். இங்கிலீஷ் எழுத்துல உறுதின்னு அடி. அந்த வெள்ளைக்காரக் குரல் அதைக் கடிச்சுத் துப்பும், நான் பொறுக்கிக்கறேன்."

அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. செய்ய வேண்டிய வேலைகளை அதில் எழுதிவைப்போம். நாலாவது வரியில் 'பட்டன்களுக்குப் பெயர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, 'பிறகு' என்று எழுதினேன். ஒன்பது மாதம் அது அப்படியே இருந்தது. மேலே இருந்தவை அழிந்தன, கீழே புதியவை வந்தன. நாலாவது வரி காய்ந்து பலகையோடு ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமைகளில் ஜெபா கேட்பார், "நாலு என்னாச்சு?" நான் சொல்வேன், "இந்த வாரம் பண்ணிடறேன் மச்சான்." பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. ஒவ்வொரு வாரமும் அதை நம்பித்தான் சொன்னேன்.

அவர் காத்திருக்கவில்லை. எண்ணக் கற்றுக்கொண்டார். பதினொரு தட்டு, பிறகு என்டர். மாடிப்படியை எண்ணுகிற மாதிரி அதை விரல்களுக்குப் பழக்கிவிட்டார். நாளாக ஆகக் காதில் விழும் 'லிங்க், லிங்க்' சத்தத்தைக் கேட்பதைக்கூட விட்டுவிட்டார். கேட்டு என்ன பயன்? மெர்சி உறுதி செய்து தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். "என் உசுருக்கு நானே கையெழுத்துப் போடறேன், விடு," என்றாராம். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தபோதே செய்தார். டடடடட என்று வேகமாகத் தட்டி என்டரை அடித்துவிட்டு, "பாத்தியா, உன் தயவு தேவையே இல்ல," என்றார். நான் சிரித்தேன். மனதுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. நாலாவது வரிக்கு இனி அவசரமில்லை என்று தோன்றியது. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எல்லோரும் துணி எடுக்கப் போக வேண்டும் என்று மதியமே அலுவலகத்தை மூடிவிட்டோம். மானிட்டரை அணைக்கிற வழக்கம் அந்த ஒரு வாரம் இல்லை. மறுநாள் சனிக்கிழமை கண்ணபிரான் சார் கூப்பிட்டார். மையத்துக்காரர்கள் தங்கள் தளத்தில் தீபாவளி வாழ்த்துப் போட வேண்டும் என்று கேட்கிறார்களாம். நான் வந்து பக்கத்தின் உச்சியில் எரிகிற அகல்விளக்குப் படம் ஒன்றைப் போட்டேன். வேண்டாதவர்கள் மூடிக்கொள்ளட்டும் என்று அதன் மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறியும் வைத்தேன். திரையில் பார்த்தேன், நன்றாக இருந்தது. இருபது நிமிட வேலை. அந்த நேரத்தில் ஜெபா இயந்திரத்தில் படுத்திருந்தார்.

அந்தப் பெருக்கல் குறியும் ஓர் இணைப்பு. மேலே ஒன்பது இருந்த இடத்தில் பத்து ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபா, கோவிலிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்து பதினொரு தட்டுத் தட்டி என்டரை அடித்தார். 'படம்' என்றது குரல். அவர் எழுந்து போய் மத்தியானத் தூக்கம் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு என் செல்போன் அடித்தது. பின்னால் பேருந்துச் சத்தம்.

"முரளி," என்றார் ஜெபா. குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நான் என்னையே கேன்சல் பண்ணிட்டேனாம்."

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மையத்தின் வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கெஞ்சினேன். நல்ல பெண்தான், அவளுக்கே அழுகை வந்துவிட்டது. "சார், அவரேதான் மூணு நாளையும் ரத்து பண்ணியிருக்காருன்னு சிஸ்டத்துல காட்டுது. உடனே வெயிட்டிங்ல இருந்தவங்களுக்குப் போயிடுச்சு. அவங்க வந்து படுத்துட்டாங்க. தீபாவளிக்கு ஸ்டாஃப் வேற பாதிப் பேரு லீவு." எட்டு இயந்திரத்திலும் எட்டுப் பேர் படுத்திருந்தார்கள். யாரை எழுப்புவது?

ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தோம். அந்த வண்டிக்காரர் ஜெபாவை வாரம் மூன்று நாள் ஏற்றி இறக்குகிறவர். "இன்னா சார், இப்பதான போன, அதுக்குள்ள வந்துக்கினே? இன்னிக்கு மிசினு இல்லியா?" என்றார். "ஒடம்ப பாத்துக்கோ சார், மூஞ்சி வேற ஒரு மாதிரி ஊதிக்கினு கீது." ஜெபா என் பக்கம் திரும்பினார். "வெப்சைட்ல ஏதாவது புதுசா போட்டியா?" என்று கேட்டார். தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். அது முழுசும் வெடித்து முடிந்தது.

"விளக்கு," என்றேன். "தீபாவளி விளக்கு. மூடறதுக்கு ஒரு லிங்க்."

அவர் விரல்கள் முழங்காலின்மேல் மெதுவாகத் தட்டின. எண்ணிப் பார்த்தார். "ஒண்ணு கூடிப்போச்சு," என்றார்.

அன்றும் மறுநாளும் மெர்சியும் நானும் தெரிந்த இடத்துக்கெல்லாம் தொலைபேசி செய்தோம். சில இடங்களில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சில இடங்களில் பதிவு செய்த குரல் பேசியது, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று. ஆள் வரவில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் அவர் சொன்னது என் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை காலையில் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் சேர்த்தோம். அங்கே அவரை இயந்திரத்தில் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவரை உள்ளே கொண்டுபோனதும் நான் ராஜகீழ்ப்பாக்கம் வந்தேன். விடுமுறை, அலுவலகத்தில் யாரும் இல்லை. பக்கத்திலிருந்து விளக்குப் படத்தை எடுத்தேன். ஒவ்வொரு இணைப்புக்கும், இரண்டு பட்டன்களுக்கும், பச்சைப் படத்துக்கும் சிவப்புப் படத்துக்கும் பெயர் வைத்தேன். மானிட்டரை அணைத்துவிட்டுக் காதால் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரக் குரல் 'உருட்ஹி' என்றது. எல்லாம் முடிந்து கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம். ஒன்பது மாதமாக எனக்குக் கிடைக்காத நேரம் அவ்வளவுதான்.

அவர் வீட்டுக்கு வந்தபிறகு போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஆரம்பிக்கும்போதே கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

"கெட்டவன் பண்ணியிருந்தா சண்டை போட்டுத் தீத்துக்கலாம் மச்சான். நீ நல்லவன், என் ஃப்ரெண்டு, நேரம் இல்லாதவன். ஊரு முழுக்க உன்ன மாதிரி ஆளுங்கதான் வெப்சைட் பண்றாங்க. எனக்கு அதுதான் பயமா கீது." வேண்டுமென்றே ஆட்டோக்காரர் மாதிரி 'கீது' போட்டுச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு இருமலாகிவிட்டது.

மெர்சியிடம் மட்டும் நானே உண்மையைச் சொன்னேன். "அவரு எங்கிட்ட, 'நான்தான் தப்பா எண்ணிட்டேன்'னு சொன்னாரு," என்றார். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்குப்பிறகு ஜெபாவின் இதயம் பழையபடி ஆகவில்லை. இருபத்திரண்டு படி ஏற மூன்று இடத்தில் நின்றார். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் வந்தார். ஏழு மாதம் கழித்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். அந்தத் தீபாவளி வாரம்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். சர்க்கரை, சிறுநீரகம், இதயம், எல்லாம் சேர்ந்துதான், எதை என்று சொல்வது என்றார். ஆமாம் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இப்போது மின்கட்டணம், வங்கி, ரயில், எல்லாம் ஒவ்வொன்றாக இணையத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு கட்டண ஜன்னலைப் பலகை அடித்து மூடினார்கள். தளங்கள் செய்யச் சொல்லி வருகிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள், கண் தெரியாதவர்கள் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று. நான் ஜெபா மாதிரி படிக்கட்டுக் கதை சொல்வதில்லை, எனக்கு அந்தப் பொறுமையும் நாக்கும் கிடையாது. என் நண்பர் ஒருவர் தன்னையே ரத்து செய்துகொண்டார் என்று சொல்கிறேன். சிலர் நாலு நாள் கொடுக்கிறார்கள். கொடுக்காதவர்களின் வேலையை எடுப்பதில்லை என்று கண்ணபிரான் சார் முடிவு செய்துவிட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிடுகிறது. இதை இனி நிறுத்த முடியும் என்று தோன்றவில்லை. இன்னொன்று, இந்தக் கட்டுரையோடு வருகிற புகைப்படம். அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ எடுத்தது என்று நினைத்திருந்தேன். செயலாளர் அதைக் கேட்டபோது, ஒலிநாடாவில் கேட்பவர்களுக்காக அதில் இருப்பதை எழுத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுவதற்காகத்தான் முதன்முறையாக அதை ஒழுங்காகப் பார்த்தேன். அதில் தெரிந்ததைச் சொன்னதும், பின்னணியை வெட்டிவிடலாமா என்று செயலாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஜெபாவுக்குப் படங்களைப் பாதி சொன்னால் பிடிக்காது.

படம்: வெள்ளிக்கிழமை மத்தியானம், எங்கள் அலுவலகம். ஜெபதாஸ், முப்பத்தைந்து வயது, நீலச் சட்டை, கை மடித்துவிட்டிருக்கிறார். இடது கையில் இயந்திரத்துக்காக ஊசி குத்திய இடம் புடைத்திருக்கிறது. முன்னால் அணைத்த மானிட்டர், அதற்குப் பக்கத்தில் எங்கள் ஐந்து பேருடைய மவுஸ்கள், வேர்க்கடலைத் தோல். ஒரு காதில் ஹெட்போன். எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால் சுவரில் வெள்ளைப் பலகை. அதில் ஏழு வரிகள். நாலாவது வரி மட்டும் தெளிவாகத் தெரிகிறது, என் கையெழுத்து: பட்டன்களுக்குப் பெயர் — பிறகு.